இல்லை என்றாவது எழுதி அனுப்புங்கள்

மென்பொருள் நிறுவனங்களில் புதியவர்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பில் இருக்கும் மனிதவள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தென் மாவட்டம் ஒன்றில், ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரியில் பிளேஸ்மென்ட் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். உங்களில் சிலர் எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கிறீர்கள். எங்கள் செமினார் ஹாலில் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பலர் வந்ததில்லை, எங்கள் பிள்ளைகள்தான் விடியற்காலை பஸ் பிடித்து மதுரைக்கும் கோவைக்கும் உங்கள் முகாம்களைத் தேடி வருகிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். வேலை இல்லை என்றால் இல்லை என்று எழுதி அனுப்புங்கள். உண்டு என்றால் எந்த மாதம் என்று எழுதுங்கள்.

நிராகரிப்பு எங்கள் பிள்ளைகளுக்குப் புதிது அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணில் நினைத்த கல்லூரியை இழந்தவர்கள் அவர்கள். கவுன்சலிங்கில் கேட்ட பிரிவு கிடைக்காமல் கிடைத்த பிரிவில் சேர்ந்தவர்கள். ஆப்டிட்யூட் ரவுண்டில் பெயர் வராத பையன் அன்று மதியம் யாருடனும் பேச மாட்டான், விடுதிக்குப் போய்ப் படுத்துக்கொள்வான். அடுத்த வாரம் வேறொரு நிறுவனம் வரும்போது அதே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவான். இதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ‘இல்லை’ என்ற பதில் அவர்களை ஒரு வாரம் முடக்கும். பதிலே வராமல் இருப்பதுதான் ஒன்றரை ஆண்டு முடக்குகிறது.

அது எப்படி என்று உங்களுக்கு முழுதாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களைப் போன்ற கல்லூரிகளில் ஒரு மாணவருக்கு ஓர் ஆஃபர் என்பதுதான் வழக்கம். ஏழாம் செமஸ்டரில், ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ, ஒரு நிறுவனம் தேர்வு செய்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்து வரும் நிறுவனத்தின் தேர்வில் உட்கார முடியாது. நன்றாகப் படிக்கும் நான்கு பேரே எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த விதி. உங்களுக்கும் அது வசதியாகவே இருக்கிறது, தேர்வு செய்த பிள்ளை கை நழுவிப் போகாது. ஆனால் அந்த விதி நியாயமாக இருக்க வேண்டுமென்றால் நீங்கள் கொடுக்கும் கடிதத்துக்குப் பின்னால் ஒரு வேலை இருக்க வேண்டும். பல சமயம் வருவது ஆஃபர் லெட்டர்கூட இல்லை, லெட்டர் ஆஃப் இன்டென்ட், அதாவது வேலைக்கு எடுக்கும் எண்ணம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் கடிதம். அதில் சம்பளம் இருக்கும், சேரும் தேதி இருக்காது. ‘பிசினஸ் தேவையைப் பொறுத்து’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியின் பாரம் முழுவதும் இருபத்தொரு வயதுப் பிள்ளையின் தலையில்தான் இறங்குகிறது. நீங்கள் அழைக்கவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. அதற்குள் கல்லூரிக்கு வந்த மற்ற நிறுவனங்கள் எல்லாம் வந்து போய்விட்டன.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. கொரோனாவுக்குப் பின் உலகம் முழுவதும் வேலைகள் இணையத்துக்கு மாறியபோது நீங்கள் ஆட்களை அள்ளி எடுத்தீர்கள். 2021–22 நிதியாண்டில் டிசிஎஸ் மட்டுமே ஒரு லட்சம் புதியவர்களைச் சேர்த்தது. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. உங்கள் வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள், ப்ராஜெக்ட்கள் தள்ளிப்போயின. 2023–24இல் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்துப் பணியாளர் எண்ணிக்கை ஏறக்குறைய 64,000 குறைந்தது. இருப்பவர்களுக்கே வேலை இல்லாத நேரத்தில் புதியவர்களை எப்படி அழைப்பது என்ற கேள்வி நியாயமானதுதான். அதை அவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். 2023 பிப்ரவரியில் ஒரு பெரிய நிறுவனம், ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று சொல்லித் தேர்வு செய்த பிள்ளைகளிடம் மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. பலரும் கண்டித்தார்கள், கண்டிக்க வேண்டிய செயல்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் முன்னால் பதில் சொல்லும்படி ஒரு கேள்வியாவது இருந்தது. மறுக்கலாம், ஏற்கலாம், வீட்டில் கலந்து பேசலாம். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

காத்திருக்கும் காலம் சும்மா கழிவதில்லை. உங்கள் விளம்பரங்களை நீங்களே எடுத்துப் பாருங்கள்: இந்த ஆண்டு முடித்தவர்கள் மட்டும், அல்லது இந்த ஆண்டும் சென்ற ஆண்டும் முடித்தவர்கள் மட்டும். 2022இல் முடித்த ஒரு பெண் உங்கள் கடிதத்தை நம்பி 2023 கடைசி வரை காத்திருந்தால், அதற்குப் பின் வரும் எந்த விளம்பரத்துக்கும் அவள் தகுதி இல்லாதவள் ஆகிவிடுகிறாள். அவள் எந்தத் தேர்விலும் தோற்கவில்லை. தேர்வு செய்யப்பட்டதே அவளுக்குப் பாதகமாகிவிட்டது. முடித்த ஆண்டை வைத்து ஆளை ஒதுக்கும் பழக்கம் இதற்கு முன்பும் புண்படுத்தியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் மதுரையில் ஒரு வங்கியின் நேர்காணல் விளம்பரத்தில், 2021இல் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தகுதி இல்லை என்று அச்சாகியிருந்தது. அச்சுப்பிழை என்று வங்கி பிறகு வருத்தம் தெரிவித்தது. ஆனால் ‘கொரோனா பேட்ச்’ என்று ஏற்கெனவே பேச்சு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது பிழையாகப் படவில்லை, தீர்ப்பாகப் பட்டது.

அடுத்து, கடன். எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரி. கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும்தான் தவணை விலக்கு. ஏழரை லட்சம் வரை வங்கி சொத்து ஈடு கேட்பதில்லை, ஆனால் அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்த விலக்குக் காலத்தின் வட்டியை மத்திய அரசின் மானியம் பார்த்துக்கொள்ளும். விலக்கு முடிந்ததும் மானியமும் நின்றுவிடும். வேலை தேடிக்கொள்ளத்தான் அந்த ஓராண்டு. அந்த ஓராண்டை உங்கள் மௌனம் எடுத்துக்கொள்கிறது. அது முடிந்த மாதம் வங்கியிலிருந்து போன் வருகிறது. தீப்பெட்டி ஆபீஸுக்கோ தறிக்கோ போய்க்கொண்டிருக்கும் அப்பா அந்தப் போனை எடுக்கிறார். ‘கம்பெனியில கூப்பிடுவாங்க சார், லெட்டர் இருக்கு’ என்று அவர் சொல்வதற்கு வங்கி என்ன செய்ய முடியும்?

அரசு உதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலையில்லாத பட்டதாரிக்குத் தமிழ்நாடு அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. இடையில் தாங்கிப் பிடிக்க வீட்டைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் வீட்டில், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பையனாக இருந்தால் கல்யாண வீட்டில் ‘என்னப்பா பண்ற இப்ப?’ என்ற கேள்வி வரும். அவன் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்துவான். கூடப் படித்தவர்கள் சென்னையில் சேர்ந்த படங்களைப் பார்க்கப் பிடிக்காமல் போனை அணைத்துவைப்பான். பெண்ணாக இருந்தால் காலமே வேறு கணக்கில் ஓடுகிறது. ‘ஆறு மாசம் பாப்போம்’ என்று வீட்டில் சொல்வார்கள். அவளைப் படிக்க வைக்க அம்மா உறவில் எத்தனையோ பேருடன் மல்லுக்கட்டியிருப்பார். ‘வேலைக்குப் போயிருவா, லெட்டர் வந்திருச்சு’ என்பதுதான் அம்மா கையில் இருந்த ஒரே பதில். ஆறு மாதம் கழிந்து, ஒரு வருடமும் கழிந்தால் அந்தப் பதில் செல்லாது. ஜாதகம் வெளியே வந்துவிடும். எங்கள் கோடிங் போட்டியில் முதலிடம் வந்த மாணவி ஒருத்தி, நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் என்னை அழைத்து, ‘மேடம், மெயில் ஏதாச்சும் வந்துச்சா?’ என்று கேட்டாள். வரவில்லை என்றேன். திருமணத்துக்குப் பிறகு, வேறு ஊரில் அவள் குடியேறியபின், ‘இன்னும் ஆர்வம் உள்ளதா’ என்று ஒரு மெயில் வந்தது. தொடக்கத்திலேயே இல்லை என்று உங்கள் ஆள் ஒருவர் எழுதியிருந்தால், அந்த ஆறு மாதத்துக்குள் அவள் வேறு நான்கு இடங்களில் முயன்றிருப்பாள். கிடைத்திருக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. முயலும் வாய்ப்பு அவளுக்கு இருந்திருக்கும்.

நீங்கள் பேசாத இடத்தில் வேறு ஆட்கள் வந்து பேசுகிறார்கள். காத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘ஆன்போர்டிங்கை, அதாவது வேலையில் சேரும் நாளை, முன்னால் எடுத்துத் தருகிறோம், டெபாசிட் கட்டினால் போதும், திரும்பக் கிடைக்கும்’ என்று கன்சல்டன்சி என்ற பெயரில் செய்தி வருகிறது. உங்கள் லோகோவோடு கடிதம் வருகிறது. கடன்பட்ட வீட்டில் இன்னொரு கடன் வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. வெளிநாட்டு ஆசை காட்டுபவர்கள் இதைவிடக் கொடியவர்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் மியான்மரின் மியாவாடியில் அடைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லி வதைத்த கும்பல்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கு நீங்கள் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பெயரில் எது உண்மையான செய்தி என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமானால், உண்மையான செய்தி ஒன்று வந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆர்டர் கணக்குப் பார்க்கிறார்கள். செல்போன் கடையில் நிற்கிறார்கள், உணவு டெலிவரிக்குப் போகிறார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். இரவில் உட்கார்ந்து பைத்தான் படிக்கிறார்கள். ‘இதை ரெஸ்யூம்ல போடலாமா மேடம்?’ என்று தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாகப் போடு என்பேன். ஆனால் நேர்காணலில் ‘டொமைனுக்குச் சம்பந்தம் இல்லாத வேலை’ என்றும் ‘கேரியர் கேப்’ என்றும் நீங்கள் கேட்டதாகச் சொல்லி அடுத்த முறை அந்த வரியை எடுத்துவிடுகிறார்கள். இது எனக்கு மிகவும் வலிக்கிறது. வேலை இல்லாத காலத்தில் கிடைத்ததைச் செய்து வட்டி கட்டிய பிள்ளை அதை மறைக்கிறான், வீட்டில் சும்மா இருந்ததாகக் காட்டிக்கொள்வதே மேல் என்று நினைக்கிறான். அந்த நினைப்பு உங்கள் நேர்காணல் அறையிலிருந்துதான் வந்தது. நீங்களே தள்ளிவைத்ததால் விழுந்த இடைவெளிக்கு அவனிடம் விளக்கம் கேட்காதீர்கள். அடுத்த முறை அப்படி ஒரு வரியைப் பார்த்தால், அந்த வேலையில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டுப் பாருங்கள். சரக்குக் கணக்கில் வந்த குழப்பத்தை ஒரு எக்செல் தாளில் எப்படித் தீர்த்தான் என்று சொல்லுவான்.

ஆயிரக்கணக்கான பேருக்கு எப்படிப் பதில் அனுப்புவது என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான பேருக்கு ஆன்லைன் தேர்வு வைத்து அன்று மாலையே மதிப்பெண் போடுகிறீர்கள். அதே கணினி ஒரு வரி பதிலையும் அனுப்பும். காரணம் சொல்ல வேண்டாம், ஆறுதல் எழுதவும் வேண்டாம். ‘உங்களை இந்த முறை எடுக்கவில்லை, இனி நீங்கள் வேறிடம் போகலாம்’ என்றால் போதும். தேர்வு செய்தவர்களை அழைக்கத் தாமதமானால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிலையைச் சொல்லுங்கள். ஆறு மாதம் தாண்டினால் எழுத்தில் விடுவியுங்கள். நீங்கள் காக்க வைத்தவர்களுக்கு, முடித்த ஆண்டு என்ற தடையை உங்கள் நிறுவனத்திலாவது தளர்த்துங்கள். இதற்கெல்லாம் உங்களுக்குப் பெரிய செலவு இல்லை.

எங்கள் பக்கத்திலும் ஒரு மாற்றம் வருகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை. சேரும் மாதம் குறிப்பிடாத கடிதத்தை வரும் சீசன் முதல் எங்கள் கல்லூரி ஆஃபராகக் கணக்கில் எடுக்காது. அந்தக் கடிதம் பெற்ற பிள்ளை மற்ற நிறுவனங்களுக்கும் உட்காரும். நிர்வாகம் இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள கல்லூரிகளிலும் பேசி வருகிறேன். இதனால் எங்கள் கல்லூரிக்கு வரத் தயங்குபவர்கள் இருக்கலாம். நிர்வாகத்துக்கு அந்தப் பயம் இருந்தது, எனக்கும் இருக்கிறது. ஆனாலும் இதைச் செய்தாக வேண்டும்.

இன்னும் காத்திருக்கும் எங்கள் பழைய மாணவர்களின் பட்டியல் தயாராக இருக்கிறது. பெயர், முடித்த ஆண்டு, உங்கள் கடிதத்தின் தேதி மூன்றும் அதில் உண்டு. சம்பந்தப்பட்ட நிறுவனங்களுக்கு இந்த வாரமே தனித்தனியாக அனுப்புகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று குறித்து, உண்டு என்றால் மாதத்தையும் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிளேஸ்மென்ட் அலுவலர்