எங்கள் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் நீங்கள் வெளியிட்ட மேற்படிப்பு வழிகாட்டி இணைப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அதில் ஒரு கட்டுரையில், 'கிராமப்புற மாணவர்களிடம் புதிய தொழில்நுட்பங்களைத் தெரிந்துகொள்ளும் ஆர்வம் குறைவு' என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. எந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு இதை எழுதினார்கள் என்று அதில் இல்லை. கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். இரண்டு நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

நான் இருப்பது திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடி. எங்கள் வட்டாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரும் காற்றை நம்பி, முப்பந்தல் தொடங்கி எங்கள் ஊர்ப் பக்கம் வரை மின்சாரம் எடுக்கும் காற்றாலைக் காத்தாடிகள் நிற்கின்றன. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதனை நடக்கிறது. கடலோரம் போனால் கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலைகள். கொஞ்சம் வடக்கே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இத்தனைக்கும் நடுவில் வளரும் பிள்ளைக்கு, அங்கே உள்ளே போய் வேலை பார்ப்பவர் யார், என்ன படித்துவிட்டுப் போனார் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

2017-இல் என் தொழிற்பிரிவு மாணவர்களைக் காத்தாடி பார்க்க அழைத்துப் போனேன். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருந்தது. மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்து போனோம். மேலிடத்து அனுமதி இல்லை என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் கம்பி வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு, காற்றாலையில் டெக்னீசியனாக இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் அடுத்த சனிக்கிழமை தானாகவே பள்ளிக்கு வந்தான். டவர் ஏறும்போது மாட்டும் பெல்ட், கொக்கி, ஹெல்மெட் எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு பிள்ளையும் அதை மாட்டிப் பார்த்தது. ஒரு பையன் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே, "அண்ணே, மேல ஏறுன பெறவு ஒண்ணுக்கு வந்தா என்ன செய்விய?" என்று கேட்டான். "அதுக்குத்தான் காலையிலேயே தண்ணிய அளந்து குடிப்போம்" என்றான் இவன். அப்புறம் கேள்விகள் நிற்கவே இல்லை. கியர் பாக்ஸ் ஆயிலை எப்படி மேலே கொண்டுபோகிறீர்கள்? இறக்கையில் இடி விழுந்தால் என்ன ஆகும்? காற்றுக்காலத்தில் லீவு தருவார்களா? "பொம்பளப் பிள்ளையளயும் ஏற விடுவாங்களா?" என்று கேட்ட மாணவி, தொழிற்பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம் என்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள். சேர்ந்தாள். இன்று ஒரு காற்றாலையின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, ஒவ்வொரு காத்தாடியின் சூட்டையும் அதிர்வையும் கம்ப்யூட்டரில் கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பிள்ளைகளுக்கா ஐயா ஆர்வம் இல்லை?

1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் சேர்ந்து வந்தது. 2019-இல் நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு யாரையும் போடவில்லை. எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை. இரண்டு வருடத்தில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். பிள்ளைகள் கழற்றிப் பூட்டிப் பழகிய த்ரீ பேஸ் மோட்டார்களும் காயில் சுற்றும் மெஷினும் பூட்டிய அறையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. போன மாதம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மோட்டார் மேல் புறா கூடு கட்டியிருக்கிறது. இதைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு முன்பு இரண்டு தடவை எழுதினேன். ஒன்றும் வெளிவரவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும், சரி. ஆனால் இந்த இணைப்பின் பதினாறு பக்கத்தில் பதினொரு பக்கம் கல்லூரி விளம்பரம். மீதிப் பக்கங்களில் நீட், இன்ஜினியரிங் கலந்தாய்வு, அப்புறம் செயற்கை நுண்ணறிவு என்று கொட்டை எழுத்தில் ஒரு கட்டுரை. அதில் பாதி வார்த்தை ஆங்கிலம். ஐடிஐ என்ற சொல் ஒரே ஒரு இடத்தில், அதுவும் 'மதிப்பெண் குறைந்தவர்களுக்கு' என்ற தலைப்பின் கீழ். அதைப் படிக்கும் ஃபிட்டர் மகன் தன் அப்பாவைப் பற்றி என்ன நினைப்பான்?

2022 மார்ச் 1-இல் அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் வழிகாட்டுதல் வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டது பெரிய காரியம். 2024-இல், 20 வருடம் தாண்டிய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தனிக் கொள்கையே வந்துவிட்டது. பழைய 250 கிலோவாட் காத்தாடி நின்ற இடங்களில் இனி 2, 3 மெகாவாட் காத்தாடிகள் வரும். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். இறக்கையில் விரிசல் இருக்கிறதா என்று ட்ரோன் விட்டுப் பார்க்க வேண்டும், கயிற்றில் தொங்கி ஃபைபர் ஒட்ட வேண்டும். அந்த வேலைக்கு எங்கள் பிள்ளைகள் போவார்களா, வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்களா என்பது இப்போது அவர்கள் காதில் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்தது.

நான் கேட்பது ஒரு பக்கம்தான். வரும் கல்வி இணைப்புகளில் வாரம் ஒரு தொழிலாளியின் ஒரு நாளை, அவர் சொல்கிற தமிழிலேயே போடுங்கள். என்ன படித்தார், எத்தனை வருடம், முதல் சம்பளம் எவ்வளவு, எந்த மெஷினில் கை வைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று இருந்தால் போதும். முதல் வாரத்துக்கு என் மாணவனே பேசத் தயாராக இருக்கிறான். மே மாதம் காற்று ஆரம்பித்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. அதற்குள் உங்கள் நிருபரை அனுப்பினால், பஸ் ஸ்டாண்டில் வந்து அழைத்துப்போக நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.