தென்னையில் விழுந்த இடி

மதுரை,
வைகாசி 3

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்த அன்று இங்கே பேத்திக்குக் காதுகுத்து. வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் போன பிறகு இரவில்தான் பிரித்துப் படித்தேன். முழங்கால் வலியைப் பற்றி ஒரு பக்கம், மகன் வேலை மாறியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். ஆனால் உன் மனம் முழுக்க போர்வெல் பக்கத்துத் தென்னையில்தான் கிடக்கிறது. குருத்து கருகிய மரம் இனிப் பிழைக்காது. வெட்டிவிடு. முப்பது வருடம் காய்த்தது, போதும்.

இடி விழுந்தது மரத்தில், வீட்டுக்குள் டிவியும் மோடமும் மோட்டார் பேனலும் போனது எப்படி என்று கேட்டிருக்கிறாய். சாதாரண மின்னல் ஒன்றிலேயே சுமார் 30,000 ஆம்பியர் இறங்கும். மண்ணின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், விழுந்த இடத்தில் நிலமே ஒரு நொடிப்பொழுது 3 லட்சம் வோல்ட்டுக்கு எழும்பிவிடும். தள்ளிப் போகப் போகக் குறையும். உன் பொள்ளாச்சிப் பக்கத்துப் பாறை மண்ணில் அது அவ்வளவு சீக்கிரம் குறையாது.

உன் வீட்டில் எர்த், அதாவது மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, எத்தனை என்று எண்ணிப் பார். மெயின் போர்டுக்கு வாசல் பக்கம் ஒரு குழி. போர்வெல் மோட்டார் 300 அடி ஆழத்தில் தண்ணீருக்குள் நிற்கிறது. அதைவிட நல்ல எர்த் யாராலும் போட முடியாது. மொட்டை மாடி டிஷ் ஆன்டெனாவுக்கு எவனோ தனியாக ஒரு கம்பி அடித்திருப்பான். மரத்தடியில் நிலம் எழும்பியபோது இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு மட்டத்தில் நின்றிருக்கின்றன. நடுவில் இருந்த வித்தியாசம் டிவி வழியாகவும் பேனல் வழியாகவும் ஓடி ஈடாகியிருக்கிறது.

இதை நான் பெரிய படிப்பாளி போலச் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், அதற்கு ‘சுத்தமான எர்த்’ தனியாக வேண்டும் என்று யாரோ சொல்ல, நானே நின்று நூறு அடி தள்ளிக் குழி வெட்டி, தாமிரத் தகடு புதைத்து, கரியும் உப்பும் கொட்டி, மேலே சிமென்ட் மூடியில் தேதியெல்லாம் எழுதி வைத்தேன். அந்த ஐப்பசியிலேயே ஓர் இடி. மில்லின் மேல் விழவில்லை, ரோட்டோர மின்கம்பத்தில்தான் விழுந்தது. கன்ட்ரோல் கார்டுகள் அத்தனையும் போயின. ஒரு வாரம் யார் முகத்திலும் விழிக்கவில்லை. பிறகு அந்தக் குழியையும் பழைய குழிகளையும் ஒரே இரும்புப் பட்டையால் சேர்த்துக் கட்டினோம். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும்வரை ஒரு கார்டுகூடப் போகவில்லை. எர்த் எத்தனை இருந்தாலும் எல்லாம் நிலத்தடியில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். மேலே எழும்பினாலும் எல்லாம் சேர்ந்து எழும்பட்டும். வித்தியாசம் இல்லையென்றால் ஓடுவதற்கும் ஒன்றுமில்லை.

நூறு மீட்டர் சுற்றளவுக்கு இடியை இழுத்துக்கொள்ளும் நவீன இடிதாங்கி என்று ஒருவர் உன்னிடம் ஒன்றரை லட்சம் கேட்டாரே, அவரை வாசலோடு அனுப்பிவிடு. அப்படி ஒரு கம்பி தூரத்து மின்னலை முன்கூட்டியே இழுக்கும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் கிடையாது. இடி பாதுகாப்புக்கு நம் நாட்டில் பின்பற்றும் ஐ.இ.சி. 62305 விதியும் அந்தக் கூடுதல் சுற்றளவை ஏற்பதில்லை. 1750களில் பிராங்க்ளின் சொன்ன சாதாரணக் கம்பியே போதும். அதுவும் சுவரையும் கூரையையும்தான் காக்கும், டிவியைக் காக்காது. கோபுரக் கலசத்தில் இருக்கும் வரகு ஊரையே இடியிலிருந்து காக்கிறது என்று நீ அனுப்பிய செய்தியையும் பார்த்தேன். கலசத்தைக் கும்பிடுகிறேன். ஆனால் கலசத்திலிருந்து மண்வரை ஒரு பட்டை இறங்கவில்லை என்றால் இடி சுதைச் சிற்பங்களை உடைத்துக்கொண்டுதான் இறங்கும்.

உனக்கு வேண்டியது சர்ஜ் அரெஸ்டர். எஸ்.பி.டி. என்று கேட்டாலும் கடையில் தருவார்கள். உள்ளே துத்தநாக ஆக்சைடு வில்லை இருக்கும். 230 வோல்ட்டில் கல் மாதிரி சும்மா கிடக்கும். வோல்ட் எகிறியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் பல லட்சத்தில் ஒரு பங்குக்குள் வழிவிட்டு எர்த்துக்குத் தள்ளிவிடும். மின்சாரம் மிஞ்சினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறதே என்று நினைக்காதே. அது விழித்துக்கொள்ளச் சில மில்லி நொடி ஆகும், அதற்குள் மின்னல் வந்து போய்விட்டிருக்கும். ஸ்டெபிலைசரும் அப்படித்தான், அது வேறு வேலைக்குப் பிறந்தது. கம்பத்திலிருந்து உனக்கு மேல்நிலைக் கம்பியில் லைன் வருவதால் மெயின் போர்டில் இடியின் நேர் வேகத்தையும் தாங்கும் டைப் 1+2 ரக அரெஸ்டர் ஒன்று, மோட்டார் பேனலில் டைப் 2 ஒன்று வை.

வயர்மேன் வரும்போது பக்கத்திலேயே நில். பெட்டி மூலையில் அரெஸ்டரை மாட்டிவிட்டு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒயரை வளைத்து வளைத்துக் கொண்டுபோவார்கள். வேகமாக ஏறும் மின்னோட்டத்தில் ஒரு மீட்டர் ஒயரே ஆயிரம் வோல்ட்டைக் கூட்டிவிடும். அரெஸ்டருக்கு மேலும் கீழும் போகும் ஒயர் இரண்டும் சேர்த்து அரை மீட்டருக்குள் முடியவேண்டும். அரெஸ்டரின் பச்சை ஜன்னல் சிவப்பானால் உயிரைக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடு. இணையத்தை ஃபைபருக்கு மாற்றப்போவதாக எழுதியிருந்தாய், நல்லது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. கூடவே வரும் இரும்புக் கம்பியை மட்டும் வெளிச்சுவரோடு வெட்டி நிறுத்தச் சொல்.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய்: மழையே இல்லாத நாளில் பல்புகள் பளீரென்று எரிந்து ஃபேன் பேய்போலச் சுற்றியது என்று. எனக்கு அதுதான் அதிகப் பயம். அது மின்னல் இல்லை, எங்கேயோ நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, இணைப்பு விட்டிருக்கிறது. 230 வரவேண்டிய இடத்தில் 400 வரை வந்துவிடும். அரெஸ்டர் அதைத் தாங்காது, சூடேறி அதுவே எரியும். வோல்ட் கூடினால் லைனைத் துண்டிக்கும் ரிலே ஒன்று தனியாக வேண்டும். அதற்குமுன் மீட்டரிலிருந்து கம்பம்வரை நியூட்ரல் இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லி மின்வாரியத்தில் எழுதிக் கொடு. இன்றே கொடு.

அடுத்த வாரம் பழனி வழியாகப் போகும் பாலக்காடு ரயிலில் வருகிறேன். எர்த்தின் தடையை அளக்கும் மெக்கரையும் எடுத்து வருகிறேன். பழையது, ஆனாலும் பொய் சொல்லாது. நான் வருகிறேன் என்று முதல் நாளே குழியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி வைக்காதே, ஈரத்தில் தடை குறைவாகக் காட்டும். மில்லில் இன்ஸ்பெக்ஷன் வரும்போதெல்லாம் நான் செய்த வேலைதான் அது. காய்ந்த மண்ணில் என்ன காட்டுகிறதோ அதைத்தான் பார்க்கவேண்டும்.

தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

உன்,
சங்கரன்