அமெரிக்காவின் கணக்கைப் போட்டீர்கள், நம்ம தேர்தல் அறிக்கைக்கும் கணக்கு போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டதைப் பற்றிக் கடந்த ஞாயிறன்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அது அமலுக்கு வந்ததையும், முந்திரி, இறால், ஆயத்த ஆடை எல்லாவற்றுக்கும் அடி விழும் என்பதையும் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் 'யாரும் எதிர்பாராத அதிரடி' என்று தலைப்பு கொடுத்தீர்களே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்தியாவுக்கு 50 என்கிற எண்ணை வேண்டுமானால் யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லலாம், அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக மேலே ஏற்றியது. ஆனால் இறக்குமதி வரி வரும் என்பது 2024 தேர்தலுக்கு முன்பே எழுத்தில் இருந்த விஷயம். எல்லா நாட்டுச் சரக்குக்கும் 10 முதல் 20 சதவீதம், சீனச் சரக்குக்கு 60 சதவீதம் என்று டிரம்ப் மேடைக்கு மேடை சொன்னார். அதைவிட முக்கியம், அவர் சொன்ன வருமான வரிச் சலுகைகளின் பற்றாக்குறைக் கணக்கில் வரவுப் பக்கம் இருந்த ஒரே பெரிய தொகை அதுதான்.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கணக்கை நம்ம தமிழ்ப் பத்திரிகைகள் அப்போது கண்டுகொள்ளவே இல்லை, கமலா ஹாரிஸின் தாத்தா ஊரில் நடந்த பூஜைக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசி கூட இதற்குக் கொடுக்கவில்லை.

வாஷிங்டனில் 'கமிட்டி ஃபார் எ ரெஸ்பான்சிபிள் ஃபெடரல் பட்ஜெட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அரசுக் கடனைக் குறைக்க வேண்டும் என்று எல்லாக் கட்சியையும் நச்சரிப்பதே அவர்கள் வேலை. 2024 அக்டோபரில், வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் முன்பு, இரண்டு வேட்பாளர்களின் வாக்குறுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தார்கள். டிரம்ப் சொன்னதெல்லாம் நடந்தால் 2035 வரையான காலத்தில் அமெரிக்கக் கடன் கூடுதலாக 7.5 லட்சம் கோடி டாலர் ஏறும், ஹாரிஸ் சொன்னதெல்லாம் நடந்தால் கூடுதலாக 3.5 லட்சம் கோடி டாலர் ஏறும் என்று வந்தது. மாதக் கடைசியில் திருத்திப் போட்டபோது இரண்டுமே இன்னும் கொஞ்சம் கூடியது. இந்தக் 'கூடுதலாக' என்கிற சொல்லைக் கவனியுங்கள். புதிதாக யாரும் எந்தச் சலுகையும் தராவிட்டாலும் அடுத்த பத்து ஆண்டில் 20 லட்சம் கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை விழும் என்பது அந்த நாட்டு அரசின் சொந்த மதிப்பீடு. 2024 நிதியாண்டில் மட்டும் 1.8 லட்சம் கோடி. வட்டிக்குப் போன பணம் ராணுவத்துக்குப் போனதைத் தாண்டிவிட்டது. அதன் மேல்தான் இந்த இரண்டு பேரின் கணக்கும் ஏறுகிறது.

டிரம்ப் கணக்கின் உள்ளே என்ன இருந்தது? 2017இல் அவரே கொண்டுவந்த வரிக் குறைப்பில் தனிநபர்களுக்கான பகுதி 2025 டிசம்பரோடு காலாவதி ஆக வேண்டியது, அதை நீட்டிக்க மட்டும் 5.35 லட்சம் கோடி. ஓவர்டைம் சம்பளத்துக்கு வரி கிடையாது என்றதற்கு 2 லட்சம் கோடி. முதியோரின் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கு வரி கிடையாது என்றதற்கு 1.3. ஓட்டலில் வாங்கும் டிப்ஸுக்கு வரி கிடையாது என்றதற்கு 0.3. இவ்வளவையும் ஈடுகட்ட வரவுப் பக்கம் என்ன என்று பார்த்தால், இறக்குமதி வரியில் கிடைக்கும் 2.7 லட்சம் கோடி! அந்த வரவில்தான் கருங்கல், புதுக்கடை பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) பெண்கள் உரித்துக் கொடுக்கிற பருப்பும், தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் ஏலம் போகிற ஏற்றுமதி மீனும் இருந்தன. சுங்கத்தில் வரியைக் கட்டுகிறவர் அமெரிக்க இறக்குமதியாளர்தான், நம்ம ஆள் இல்லை. ஆனால் கட்டியதை அவர் யார் தலையில் இறக்குவார்? ஒரு பகுதியை அங்கே வாங்குகிறவர் தலையில், மீதியை இங்கே விலையைக் குறைத்துக் கேட்டு நம்ம தலையில். அங்கே வருமான வரியைக் குறைத்துவிட்டு அந்த ஓட்டையை எதை வைத்து அடைக்கப் போகிறார்கள் என்று அப்போதே பார்த்திருந்தால், இந்த வரி யாருக்கும் அதிரடியாகத் தெரிந்திருக்காது.

ஹாரிஸ் தரப்பும் சும்மா இல்லை. ஆண்டுக்கு 4 லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிக்கிறவர்களுக்கு ஒரு பைசா கூட வரியை ஏற்ற மாட்டேன் என்று அவர் சொன்னார். அங்கே கிட்டத்தட்ட எல்லாக் குடும்பமும் அந்த வரம்புக்குக் கீழேதான், ஆகவே 2017 சலுகையில் பெரும்பகுதியை அவரும் நீட்டித்தாக வேண்டும், அதற்கே 3 லட்சம் கோடி. பிறந்த குழந்தைக்கு 6,000 டாலர் வரித் தள்ளுபடி, முதல் வீடு வாங்குகிறவருக்கு 25,000 டாலர் உதவி, அப்புறம் டிரம்ப் சொன்ன அதே டிப்ஸ் சலுகை. லாஸ் வேகாஸ் ஓட்டல் தொழிலாளர் ஓட்டு இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது, வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வித்தியாசம் வரவுப் பக்கத்தில் இருந்தது. கம்பெனி வரியை 21 சதவீதத்திலிருந்து 28க்கு ஏற்றுவேன், பெரும் பணக்காரர்களிடம் கூடுதலாக வாங்குவேன் என்றார். டிரம்ப் உள்நாட்டில் உற்பத்தி செய்கிற கம்பெனிகளுக்கு அதை 15க்கு இறக்குவேன் என்றார். என் அபிப்பிராயம், இரண்டில் ஹாரிஸ் கணக்கு நாணயமானது, ஆனால் அவரும் பழைய ஓட்டையை அடைக்க ஒரு வழியும் சொல்லவில்லை, இன்னொரு சின்ன ஓட்டை போட்டார், அவ்வளவுதான்.

இந்த எண்களை வேதவாக்காக எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 7.5 என்பது நடு மதிப்பீடு. அதே அறிக்கையில் டிரம்புக்குக் குறைந்தது ஒன்றரை, அதிகபட்சம் 15 லட்சம் கோடி என்று போட்டிருந்தார்கள், ஹாரிஸுக்குப் பூஜ்யத்திலிருந்து 8 வரை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் மாடல் என்கிற பட்ஜெட் கணிப்பு முறை அதே ஆண்டு ஆகஸ்டில் போட்ட கணக்கில் டிரம்புக்கு 5.8, ஹாரிஸுக்கு 1.2. அதையே மக்களும் கம்பெனிகளும் வரிக்கு ஏற்பத் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்வார்கள் என்று வைத்துப் பார்த்தால் டிரம்புக்கு 4.1 ஆக இறங்குகிறது, ஹாரிஸுக்கு 2 ஆக ஏறுகிறது. இந்த நடத்தை மாற்றம் என்பதை நம்ம மாவட்டத்துக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். கேரளாவில் பெட்ரோலுக்கு வரி அதிகம், அதனால் பாறசாலைக்காரர் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார். வரியை ஏற்றிய அரசுக்கு, காகிதத்தில் போட்ட அளவு கைக்கு வராது. வரியைக் குறைத்தாலும் அப்படித்தான், காகிதத்தில் போட்ட அளவு முழுசாய் நஷ்டம் ஆகாது. அதற்காக, வரியைக் குறைத்தால் வருமானம் தானாகப் பெருகி நஷ்டம் முழுவதையும் ஈடுகட்டிவிடும் என்று அங்கே ஒரு கூட்டம் 45 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அதற்கு எந்த மாடலும் துணை நிற்கவில்லை.

சரி, ஜெயித்த பிறகு என்ன நடந்தது? 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டம் பத்தாண்டில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசின் பட்ஜெட் அலுவலகமே சொல்லிவிட்டது. 1974இல் சட்டம் போட்டு உருவாக்கிய அலுவலகம் அது, எந்தக் கட்சி ஆண்டாலும் மசோதாவுக்கு விலைச்சீட்டு ஒட்டுவதுதான் அதன் வேலை. மேடையில் சொன்ன வாக்குறுதிகள் சட்டமாகும்போது மெலிந்துபோயின. டிப்ஸ் சலுகைக்கு 25,000 டாலர் உச்சவரம்பு, ஓவர்டைமுக்கு தனிநபருக்கு 12,500, இரண்டும் 2028 வரைதான். பென்ஷன் வரி முழுவதும் ரத்து என்றது, 65 வயதானவர்களுக்கு 6,000 டாலர் கழிவு என்று சுருங்கியது. கம்பெனிகளுக்குச் சொன்ன 15 சதவீதம் அந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை. ஏழைகளின் மருத்துவ உதவித் திட்டத்தில் வெட்டு விழுந்தது.

இதில் மேலவையான செனட் செய்த ஒரு வேலை இருக்கிறதே, அதற்கு ஒரு தனிக் கட்டுரையே போடலாம். 2017 சலுகை டிசம்பரில் முடியப் போகிறது, அதை நீட்டித்தால் வருமானம் குறையும், அது செலவு. இதுதான் காலகாலமாக இருக்கிற முறை. ஆனால் செனட்டில் ஆளுங்கட்சி என்ன சொன்னது? இந்தச் சலுகை இப்போது நடைமுறையில் இருக்கிறது, இருப்பதைத் தொடர்வது எப்படிச் செலவாகும், ஆகவே அதன் விலை பூஜ்யம் என்றது. அப்படிப் போட்டால் அந்த மசோதா பற்றாக்குறையை அரை லட்சம் கோடி டாலர் குறைப்பதாகக் காட்டியது! ஒரே மசோதா, ஒரே பணம், எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதை மாற்றினார்கள், நஷ்டம் லாபமாகிவிட்டது. தணிக்கை வேலையில் இருக்கிற என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, இந்த உத்தி இங்கே யாருக்கும் தெரியாமல் இருந்தால் நல்லது என்றார்.

இறக்குமதி வரி தொடர்ந்தால் பத்தாண்டில் பற்றாக்குறை 4 லட்சம் கோடி டாலர் வரை குறையும் என்று அதே பட்ஜெட் அலுவலகம் 2025 ஆகஸ்டில் சொன்னது. அதாவது சட்டத்தால் விழுந்த ஓட்டையை அந்த வரி அடைத்துவிடும் என்று கணக்கு. அப்படியென்றால் இந்த வரியைச் சீக்கிரம் கைவிட அவர்களுக்கு மனம் வருமா? முந்திரி முதலாளிகளும் மீன் ஏற்றுமதிக்காரர்களும் 'பேச்சுவார்த்தை நடக்கிறது, சரியாகிவிடும்' என்று காத்திருப்பதற்கு முன் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கான வரியும் அதே ஜூலைச் சட்டத்தில் வந்ததுதான். 2025 மே மாதம் நம்ம மாவட்டத்து வாட்ஸ்அப்பில் ஒரே களேபரம், அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பும் காசில் 5 சதவீதம் போய்விடும் என்று. முதல் வரைவில் 5 இருந்தது உண்மை, கீழவையில் 3.5 ஆனது, கடைசியில் 1 சதவீதமாக நின்றது, அதுவும் ரொக்கமாகவோ மணியார்டர் போன்றவற்றிலோ கட்டி அனுப்பினால் மட்டும், 2026 ஜனவரி 1 முதல். வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் இல்லை. உங்கள் இதழ் 5 வந்தபோது முதல் பக்கத்தில் போட்டது, 1 ஆனபோது எங்கே போட்டது என்று நான் இன்னும் தேடுகிறேன்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். 2026இல் சட்டமன்றத் தேர்தல். 2021 தேர்தலில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தி.மு.க. சொன்னது, 1,500 ரூபாய், ஆண்டுக்கு ஆறு சிலிண்டர், வாஷிங் மெஷின் என்று அ.தி.மு.க. சொன்னது. மாநிலத்தில் ரேஷன் கார்டு 2 கோடிக்கு மேல். குறைத்து 2 கோடி என்றே வைத்தாலும் ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 24,000 கோடி, ஆயிரத்து ஐந்நூறுக்கு 36,000 கோடி. இந்தப் பெருக்கலைப் பத்தாம் வகுப்புப் பையன் போடுவான். வாக்குப்பதிவுக்கு முன் எந்தப் பத்திரிகை போட்டது? தேர்தல் முடிந்து ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வந்தபோதுதான் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று தெரிந்தது. அப்புறம் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தகுதி வரம்புகளோடு ஏறக்குறைய 1.06 கோடிப் பேருக்குத் தொடங்கியது. ஓவர்டைம் சலுகை மெலிந்ததும் இப்படித்தான். 2025-26 பட்ஜெட்டில் அதற்கு 13,807 கோடி. திட்டத்தை நான் குறை சொல்லவில்லை, எங்கள் தெருவில் எத்தனையோ வீடுகளில் கேஸும் பால் கணக்கும் அதில்தான் ஓடுகிறது. எவ்வளவு, எங்கிருந்து என்பதை முன்னாலேயே சொல்லுங்கள் என்கிறேன்.

கேட்க உரிமையும் இருக்கிறது. தமிழ்நாட்டு இலவசங்கள் தொடர்பான வழக்கில் 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கச் சொன்னது, வாக்குறுதிக்கான நிதி வழியைக் கட்சிகள் சுட்டிக்காட்ட வேண்டும் என்பது அதன் பிறகு தேர்தல் நடத்தை விதியிலேயே சேர்ந்துவிட்டது. 2022இல் அதற்கு ஒரு படிவமே கொடுக்கலாம் என்று தேர்தல் ஆணையம் கடிதம் எழுதியது, பல கட்சிகள் எதிர்த்தன. மத்தியில் அரசின் வரவு செலவுக் கணக்கைக் கண்காணிக்கச் சுதந்திரமான நிதிக் குழுமம் ஒன்று வேண்டும் என்று என்.கே.சிங் தலைமையிலான குழு 2017இல் சொன்னது, இன்னும் வரவில்லை. கட்சிகளும் தராது, அரசும் அமைக்காது என்றால் பத்திரிகைதான் செய்ய வேண்டும்.

நேர்மையாகச் சொன்னால் ஓட்டு விழாது என்ற பயமும் காரணமில்லாத பயம் அல்ல. 1984இல் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் வால்டர் மாண்டேல் வரியை ஏற்றுவேன் என்று முன்கூட்டியே அறிவித்தார், 50 மாநிலத்தில் 49இல் தோற்றார். ஆனால் 1992இல் அதே பதவிக்குப் போட்டியிட்ட தொழிலதிபர் ராஸ் பெரோ டிவியில் வரைபடங்களை வைத்துக்கொண்டு பற்றாக்குறையைப் பாடமாகவே எடுத்து, கட்சியே இல்லாமல் 19 சதவீத ஓட்டு வாங்கினார். ஆகவே கேட்க ஆள் இருக்கிறது.

தேர்தல் அறிக்கை வெளியாகிற அன்று கட்சிக்கு ஒரு பத்தி என்று போடுங்கள். எத்தனை பேருக்கு, ஆண்டுக்கு எவ்வளவு, ஐந்தாண்டுக்கு எவ்வளவு, வரவு எங்கிருந்து, சொல்லவில்லை என்றால் 'சொல்லவில்லை' என்றே அச்சடியுங்கள். கூட்டிப் பெருக்கிக் கொடுக்க எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்களும் கருவூல ஊழியர்களும் நிறையப் பேர் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம், அறிக்கை வந்த அன்று காலையிலேயே எங்களுக்கு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.