பள்ளிக்கு வரும் தெரபி நாய்க்கு எழுத்துப்பூர்வ அனுமதி கேட்டு மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் துணையாக வாரம் ஒரு நாள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த தெரபி நாயை மீண்டும் அனுமதிக்க எழுத்துப்பூர்வ ஆணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளிக்கு வியாழக்கிழமை தோறும் வந்துகொண்டிருந்த தெரபி நாயை (மனதுக்கு ஆறுதலும் துணையும் தரப் பழக்கிய வளர்ப்பு நாய்) சில மாதங்களாக உள்ளே விடுவதில்லை. "நாய் என்று எதுவுமே வளாகத்துக்குள் இருக்கக் கூடாது" என்று ஆய்வுக்கு வந்த ஒருவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. தலைமையாசிரியை தன் பொறுப்பில் முடிவெடுக்கத் தயங்குகிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் பெற்றோர்கள் நாங்களே திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு வந்திருக்கிறோம்.

நாய் என்றதும் தங்களுக்கு முதலில் எது நினைவுக்கு வரும் என்று தெரியும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காட்டுக்குள் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) புகுந்து பட்டி ஆடுகளைக் கடித்துக் குதறிய நாய்களைப் பற்றித் தங்கள் மேசைக்கு வந்த மனுக்கள் கொஞ்சநஞ்சம் இருக்காது. செத்த ஆடுகளைப் போட்டு நிவாரணம் கேட்டு உட்கார்ந்தவர்களில் எங்கள் பள்ளிப் பெற்றோர்களும் உண்டு. கிளுவை வேலியைத் தாண்டி வந்த நாய்க்கு ஒரே ராத்திரியில் ஆடுகளைப் பறிகொடுத்தவர்களே இந்த மனுவிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தெருநாய்க்குப் பரிந்து பேச நாங்கள் வரவில்லை.

கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும், சுற்றுச்சுவரோ வேலியோ போட்டு அவை திரும்ப நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. அதை முழு மனதோடு ஏற்கிறோம். எங்கள் பள்ளிச் சுவரில் பின்பக்கம் இடிந்து கிடக்கும் பகுதியை அடைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது (அதற்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம்). ஆனால் அந்த உத்தரவு தெருநாய்களைப் பற்றியது. தடுப்பூசி போட்டு, பழக்கி, வாரில் பிடித்து, உரிமையாளரே கூட்டி வந்து கூட்டிப்போகிற வளர்ப்பு நாய்க்கு அது பொருந்தாது என்பது எங்கள் புரிதல். மேலும், விலங்குகளிடம் எப்படி நடந்துகொள்வது, கடித்தால் முதலுதவி என்ன என்று பள்ளிகளில் விழிப்புணர்வு வகுப்பு நடத்தவும் அதே உத்தரவில் சொல்லியிருக்கிறது. எங்கள் பள்ளியில் அந்த வகுப்பை எடுத்துக்கொண்டிருந்ததே இந்த நாய்தான்.

நாயின் பெயர் செவலை. பழுப்பு நிற லேப்ரடார், பெட்டை, கருத்தடை செய்தது. இந்த ஊர்க்காரரான ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர் வளர்க்கிறார். ஊரில் நாங்கள் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். நாய் ஓடி வந்தால் ஓடாதே, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நில், கண்ணை முறைத்துப் பார்க்காதே, தின்கிற நாயையும் குட்டி போட்ட நாயையும் நெருங்காதே என்று செவலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவார். கடி பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வார். இதைப் பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லித்தான் எங்களில் பலருக்கே தெரியும்.

அப்புறம் வாசிப்பு. எங்கள் ஊரில் தேங்காய்க் களத்திலும் அரிசி ஆலையிலும் வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கேதான் படிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் அப்படி ஒரு பெண் குழந்தை. எழுத்து தெரியும், ஆனால் வாய் விட்டு வாசிக்காது. வாசித்தால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற பயம். வேப்பமரத்தடித் திண்ணையில் செவலை படுத்திருக்கும்போது புத்தகத்தைக் கொடுத்து, "இதுக்குப் படிச்சுக் காட்டு கண்ணு" என்று டாக்டர் உட்கார வைத்தார். முதலில் முணுமுணுப்புதான். சில வாரம் கழித்து, செவலை வழக்கம்போலப் புத்தகத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தபோது, "நவுரு சாமி, எழுத்து தெரீல" என்று அந்தக் குழந்தை சத்தமாகச் சொன்னதைச் சத்துணவு அம்மா உட்பட எல்லோரும் கேட்டார்கள். பீகாரில் பிறந்த பிள்ளை எங்கள் பேச்சில் நாயை அதட்டுகிறது. 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூலில் அரைப் பக்கம் தாண்டாதது, செவலைக்கு ஒரு கதை முழுவதும் வாசித்தது. தப்பாக வாசித்தால் நாய் திருத்துவதில்லை, சிரிப்பதில்லை, வேறு பக்கம் பார்ப்பதுமில்லை. அந்த வயதுக் குழந்தைக்கு அது போதும் போலிருக்கிறது.

நாய் வருவதை நிறுத்திய பிறகு அந்தக் குழந்தை வாசிப்பதையும் நிறுத்திவிட்டது என்று சொன்னால் மனுவுக்கு வலு சேரும், ஆனால் அது உண்மையில்லை. இப்போதும் வாசிக்கிறது. அதற்குப் பின்னால் வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் வாய்ப்பு போய்விட்டது.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பும் எடுத்து, எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றமும் செய்து, வராத பிள்ளையைத் தேடிக் களத்துக்கும் ஆலைக்கும் அலைகிறவர்கள் அவர்கள். வியாழக்கிழமை இடைவேளையில் இரண்டு பேராவது செவலையின் காதைத் தடவிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்து விடுப்பு முடிந்து வந்த ஆசிரியை ஒருவர், யார் விசாரித்தாலும் அழுகை வருகிறது, இது ஒன்றும் கேட்காது என்று சொன்னார். மாணவர் உதவிக்கு அரசின் 14417 எண் இருக்கிறது, பெரிய பிள்ளைகளுக்கு நல்ல ஏற்பாடு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை போன் போட்டுத் தன் சங்கடத்தைச் சொல்லாது.

இது எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தைகள் உளவியலாளர், தான் வளர்த்த நாய் ஜிங்கிள்ஸிடம் யாரிடமும் ஒட்டாத சிறுவன் ஒருவன் ஒட்டிக்கொண்டதைக் கவனித்து 1962-இல் கட்டுரை எழுதினார். குழந்தைகள் நாய்க்குப் படித்துக் காட்டும் திட்டம் 1999-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. பத்து நிமிடம் நாய், பூனைகளைத் தடவிக்கொடுத்தவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. நம் நாட்டில் மும்பை விமான நிலையத்தில் பயணிகளின் படபடப்பைக் குறைக்க 2023 முதல் இப்படிப்பட்ட நாய்களை நிறுத்தியிருக்கிறார்கள். விமானம் ஏறுகிறவருக்குக் கிடைப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் கிடைக்கட்டுமே என்றுதான் கேட்கிறோம்.

எதிர்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டோம். நாய் முடி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு, பயப்படுகிற பிள்ளைகளும் உண்டு. வீட்டு வழக்கப்படி நாயைத் தொடக் கூடாது என்ற குடும்பங்களும் உண்டு. பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளை திண்ணைக்கு வரும். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் நூலக அறையில் வேலை இருக்கும், யாரையும் வற்புறுத்துவதில்லை. சத்துணவுக் கூடத்தின் பக்கம் நாய் போகவே கூடாது, தொட்ட பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். டாக்டரும் ஓர் ஆசிரியரும் கூடவே இருப்பார்கள், ஒரு நேரத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. நாய்க்கும் களைப்பு உண்டு. அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அன்றைக்கு அதோடு சரி, வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருநாளும் வைத்துக்கொள்வதில்லை. இவை எல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகவே போட்டவை.

ஆகவே, செவலை வாரம் ஒரு நாள் பள்ளிக்கு வர எழுத்துப்பூர்வ அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன் நாயின் குணத்தையும் உடல்நலத்தையும் சோதிக்க வேண்டும் என்றால், நம் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அரசுக் கால்நடை மருத்துவரிடமோ எந்த நாளில் சொன்னாலும் கூட்டி வருகிறோம். வண்டிச் செலவு, தடுப்பூசிச் செலவு எதற்கும் அரசிடம் பணம் கேட்கவில்லை. அனுமதி தர முடியாது என்றாலும் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்மொழி உத்தரவுக்கு எங்களால் பதில் எழுத முடியவில்லை.

இப்படிக்கு,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு
மற்றும் பெற்றோர்கள் (கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: குழுத் தீர்மான நகல், நாயின் வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டை நகல், பெற்றோர் ஒப்புதல் கடிதங்கள்.
நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், திருப்பூர்.