அசட்டீக் தீவு முகாம்: கூடாரமும் உணவுப் பையும் குறித்த புகார்

பெறுநர்: உரிமையாளர் அவர்கள், கடற்கரை முகாம் ஏற்பாட்டு நிறுவனம், மேரிலாந்து, அமெரிக்கா

பொருள்: 2025 ஜூன் 20 முதல் 22 வரை அசட்டீக் மாநிலப் பூங்காவில் நீங்கள் அமைத்துத் தந்த முகாமின் குறைகள்

ஐயா,

வணக்கம். உங்கள் விளம்பரத்தைத் தமிழில்தான் பார்த்தேன். முன்பதிவுக்குப் பேசியதும் தமிழில்தான். ஆகவே இந்தப் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

இரண்டு இரவுகளுக்கு 480 டாலர் செலுத்தினேன். பூங்காவின் இட வாடகை தனி. அதையும் நானே கட்டிவிட்டேன். நாங்கள் போய்ச் சேருமுன் கூடாரம் அடித்து வைப்பது, கிழிசல் இல்லாத கொசுவலை, தீவில் திரியும் காட்டுக் குதிரைகளால் திறக்க முடியாத உணவுப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் நீங்கள் பொறுப்பேற்றிருந்தீர்கள். மூன்றிலும் தவறினீர்கள். மூன்றாவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போனபோது கூடாரம் நின்றுகொண்டுதான் இருந்தது. வேதாரண்யத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருக்கும் என் அப்பா ஒரு முளையைக் காலால் லேசாகத் தள்ளினார். மணலோடு பெயர்ந்து வந்துவிட்டது. ஆறு அங்குலக் கம்பி முளை, புல்தரையில் அடிக்கக்கூடியது. "கொண்டல் காற்று எழுந்தால் இது தாங்காதே, தம்பி" என்றார். இரவு பதினொரு மணிக்குக் கடலிலிருந்து காற்று எழுந்தது. கடல் பக்கத்து நான்கு முளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டன. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்மேல் துணி சரிந்தது.

எழுபது வயதான அப்பா, டார்ச் வெளிச்சத்தில், மளிகைக் கடைப் பைகளில் ஈர மணலை நிரப்பி, அவற்றின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து அந்தக் கூடாரத்தை நிறுத்தினார். கயிறு அறுத்த தடம் அவர் உள்ளங்கையில் நாங்கள் வீடு திரும்பும்வரை இருந்தது. பக்கத்து இடத்தில் இருந்த குடும்பம் திருகி இறக்கும் நீள மணல் முளைகளைப் போட்டிருந்தது. அவர்கள் கூடாரம் இரவு முழுவதும் அசையவில்லை. உங்களுக்குத் தெரியாத பொருள் அல்ல அது.

அந்தத் தீவே ஓரிடத்தில் நில்லாத மணல்திட்டு. 1933 ஆகஸ்டில் வந்த புயல்தான் அதைப் பக்கத்து ஓஷன் சிட்டி நகரிலிருந்து அறுத்துத் தனித் தீவாக்கியது. 1962 மார்ச் புயல் அங்கே கட்டியிருந்த வீடுகளையும் போட்டிருந்த தார்ச்சாலையையும் சிதைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான், 1965இல், அங்கே அரசு பாதுகாக்கும் தேசியக் கடற்கரை அமைந்தது. பழைய சாலையின் தார்த்துண்டுகள் மணல்மேட்டு நடைபாதையில் இன்னும் கிடக்கின்றன. சனிக்கிழமை அப்பா அவற்றின் அருகே வெகுநேரம் நின்றார். 2018 கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்தவர் அவர். அப்படிப்பட்ட இடத்தில் ஆறு அங்குல முளையை நம்பி ஒரு குடும்பத்தைப் படுக்க வைத்திருக்கிறீர்கள்.

கொசுவலையில் கையளவு கிழிசல் இருந்தது. தீவின் விரிகுடாப் பக்கம் முழுவதும் உப்பங்கழிச் சதுப்பு. கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒட்டுநாடா ஒட்டிச் சமாளித்தோம்.

இனி உணவுப் பெட்டி. நீங்கள் வைத்திருந்தது பெட்டியே அல்ல, ஜிப் வைத்த துணிப்பை. பார்த்த உடனே என் மனைவி உங்கள் அலுவலகத்தை அழைத்தார். உங்கள் ஊழியர் சொன்ன பதில் இது: "குதிரை வந்தால் ஒரு ஆப்பிள் கொடுங்கள், போய்விடும்." ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எட்டு வயது மகளும் அதைக் கேட்டாள்.

இரவில் எல்லா உணவையும் வண்டிக்குள் பூட்டிவிட்டோம். காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுவதற்காகப் பையை மேசையில் வைத்த சில நிமிடங்களில், வெள்ளையும் பழுப்புமான ஒரு குதிரை மணல்மேட்டைத் தாண்டி வந்தது. மேலுதட்டால் ஜிப்பின் நுனியைத் தடவிப் பார்த்தது. பிறகு துணியைப் பல்லால் கவ்வி ஒரே இழுப்பு. சப்பாத்திகள் மணலில் சிதறின. நான் திரும்பிப் பார்த்தபோது என் மகள் உள்ளங்கையில் ஆப்பிளை ஏந்தியபடி அதன் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். மனைவி ஓடிப்போய் அவளை இழுத்தார். மறுகணம் குதிரை திரும்பி உதைத்த உதையில் மேசையின் உட்காரும் பலகை அதிர்ந்தது. குழந்தை நின்றிருந்த பக்கம் அது.

சற்று நேரத்தில் பூங்காக் காவலர் ஒருவர் வந்தார். குதிரைகளிடமிருந்து நாற்பது அடியாவது விலகி இருக்க வேண்டும், எந்த உணவும் கொடுக்கவே கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். 'சிப்' என்று எல்லோரும் அழைத்த ஆண் குதிரையின் கதையையும் சொன்னார். முகாம்களில் உணவு கிடைக்கும் என்று பழகி, அதற்காக மனிதர்களிடம் மூர்க்கமாகிப்போன அந்தக் குதிரையை 2022இல் தீவிலிருந்து பிரித்து, டெக்சாஸில் உள்ள விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தன் கூட்டத்தையும் கடலையும் விட்டு அது போக வேண்டியதாயிற்று.

என் மகள் கேட்டாள்: "இந்தக் குதிரையையும் அனுப்பிவிடுவார்களா? நான்தானே ஆப்பிள் நீட்டினேன்?" அதற்குப் பிறகு அன்று அவள் கடலில் இறங்கவில்லை. தம்பி அலையில் குதிப்பதைப் பாட்டியின் மடியில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். அவள் மனத்தில் அந்தக் குற்ற உணர்வை விதைத்தது உங்கள் அலுவலகத்தின் வார்த்தை.

வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையிலும் காட்டுக் குதிரைகள் உண்டு. அவற்றைப் பார்த்து வளர்ந்த அப்பாவுக்குத்தான் அந்தப் பதில் என்னைவிட அதிகக் கோபத்தைத் தந்தது.

முழுத் தொகையையும் நான் கேட்கவில்லை. 240 டாலரைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியமாக, அடுத்த குடும்பத்தை அந்தத் தீவுக்கு அனுப்புவதற்கு முன் மணல் முளைகளும், வார் போட்டு இறுக்கிப் பூட்டக்கூடிய கெட்டியான பெட்டிகளும் வாங்குங்கள். குதிரைகளைப் பற்றிய பூங்கா விதிகளைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு கூடாரத்திலும் வையுங்கள். தொலைபேசியில் பதில் சொன்ன இளைஞரை வேலையை விட்டு நீக்க வேண்டாம். அவரை ஒருமுறை அந்தத் தீவுக்கு அழைத்துப்போய், பூங்காக் காவலர்களிடம் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் செய்யுங்கள்.

பதினைந்து நாள்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் மேரிலாந்து அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் அளிப்பேன். முளைகள், வலை, மேசை ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். கிழிந்த பை என்னிடம்தான் இருக்கிறது. யாரையாவது அனுப்பினால் நேரில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜூன் 20 முன்பதிவின் வாடிக்கையாளர்