சேவல் என்று ஒரு குடும்பப் பெயர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. பேத்தி வயலின் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் எங்கள் இருவருக்கும் மனம் நிறைந்துவிட்டது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் நல்ல சேதி. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்.

எனக்கு இடுப்பு வலி விடவில்லை. இடது தொடையில் ஆரம்பித்துக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுக்கிறது. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். மோதிரம், கடிகாரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டு, காதில் பஞ்சடைத்து, கையில் ஒரு ரப்பர் உருண்டையையும் கொடுத்து, "பயமா இருந்தா இதை அமுக்குங்க ஐயா" என்றது அந்தப் பெண். அப்படியே குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள். தகரக் கொட்டகையில் கல் விழுவது போல ஒரு சத்தம், கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் வேறு தாளத்தில் இன்னொரு சத்தம். காந்தப்புலத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் சுருள்கள் அதிர்கிற ஓசைதான் அது. தெரிந்த இயற்பியல்தான் என்றாலும், அதற்குள் படுத்துக் கேட்கிறபோது வேறு மாதிரி இருக்கிறது.

ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். முதுகெலும்புக்கு நடுவே உள்ள வட்டுகளெல்லாம் வெள்ளையாக இருக்கின்றன, கீழே நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ளது மட்டும் கறுத்துப்போய்ப் பின்னால் பிதுங்கியிருக்கிறது. ஈரம் இருக்கிற இடம் வெள்ளையாகவும் வற்றிய இடம் கறுப்பாகவும் தெரியுமாம். ஓரத்தில் 'டி2' என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து அது என்னவென்று தேடினேன். 'ஸ்பின் எக்கோ' என்கிற முறையில் எடுத்த படம். அதற்கே இன்னொரு பெயர், 'ஹான் எக்கோ'.

ஹான்! அந்தப் பெயரைப் பார்த்ததும் நம் விடுதி அறைக் கதவுதான் கண்முன் வந்தது. 1979, கடைசித் தேர்வுக்கு முந்தைய இரவு. கதவின் உள்பக்கம் முழுக்க நீ சாக்பீஸால் உன் கணிதப் பாடத்தின் ஹான்-பனாக் தேற்றத்துக்கு நிரூபணத்தை எழுதி வைத்தாய். நான் அந்தப் பக்கம் அணுக்கருப் பிளவைப் படித்துக்கொண்டிருந்தேன். என் புத்தகத்தில் ஓட்டோ ஹான், உன் கதவில் ஹான்-பனாக். இருவரும் ஒரே ஆளா என்று நான் கேட்டதற்கு, "எவனா இருந்தா என்ன, நாளைக்கு வந்தா சரி" என்றாய். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு இப்போதுதான் பதில் தேடினேன்.

ஒரே ஆள் இல்லை. எக்கோவின் ஹான் மூன்றாவது ஆள். ஒருவருக்கொருவர் உறவுமில்லை. ஜெர்மன் மொழியில் ஹான் என்றால் சேவல். ஃபோகல் என்றால் பறவை, ஃபிங்க் ஒரு சின்னக் குருவி, ஷ்பெக்ட் மரங்கொத்தி, ஆட்லர் கழுகு. இப்படிப் பறவையைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டவர்கள் அங்கே நிறைய. விறைப்பாக நடக்கிறவனுக்கோ சண்டைக்காரனுக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயர் சேவல். வீடுகளுக்கு எண் வராத காலத்தில் பழைய நகரங்களில் வாசலுக்கு மேல் சிங்கம், நட்சத்திரம், சேவல் என்று ஏதாவது அடையாளம் வைப்பார்கள். சேவல் வீட்டுக்காரர் சேவலாகவே ஆகிப்போனார். யோஹானஸ் என்ற பெயர் தேய்ந்து ஹான் ஆன குடும்பங்களும் உண்டு. அந்தச் சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு போனால், லத்தீனில் பாடுவதைக் குறிக்கிற சொல்லுக்கு உறவு என்கிறார்கள். சேவல் என்றால் அவர்களுக்குப் பாடுகிறவன்.

தொல்காப்பிய மரபியலில், சிறகுள்ள பறவைகளின் ஆணையெல்லாம் சேவல் எனலாம், மயிலுக்கு மட்டும் ஆகாது என்று வருமே. ஜெர்மன்காரர்களும் காட்டுப்பறவைகள் சிலவற்றின் ஆணுக்கு ஹான் என்றே சேர்த்துச் சொல்கிறார்கள். தண்ணீர்க் குழாயின் திருகுக்கும் அவர்களுக்கு ஹான், துப்பாக்கியில் தட்டுகிற பாகத்துக்கும் ஹான். நாம் அதைக் குதிரை என்கிறோம். அவர்கள் சேவல் கண்ட இடத்தில் நம்மவர்கள் குதிரையைக் கண்டிருக்கிறார்கள். உனக்கு இது பிடிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் என் இடுப்பைப் பார்த்த ஹான். எர்வின் ஹான், 1921இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். போர்க்காலத்தில் கடற்படையில் ராடாரும் சோனாரும் சொல்லிக்கொடுத்தவர். 1949இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் அணுக்கருக்களுக்கு ரேடியோ துடிப்பு கொடுத்துச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, அலைக்காட்டியில் எதுவும் வரக்கூடாத நேரத்தில் ஒரு மேடு எழுந்தது. கருவிக் கோளாறு என்று முதலில் விட்டுவிட்டார். அது மறுபடியும் வந்தபோதுதான் உட்கார்ந்து யோசித்தார். இதை ஓட்டப்பந்தயத்தை வைத்து விளக்குவார்கள். பள்ளி மைதானத்தில் ஐம்பது பிள்ளைகளை ஒரே கோட்டிலிருந்து ஓடவிடு. ஆளுக்கொரு வேகம், ஒரு நிமிடத்தில் சிதறிவிடுவார்கள். அப்போது விசில் அடித்து, அவரவர் வேகத்திலேயே திரும்பி ஓடச் சொல். வேகமாகப் போனவன் அதிக தூரம் திரும்ப வேண்டும், மெதுவாகப் போனவனுக்குக் குறைந்த தூரம். இன்னொரு நிமிடத்தில் எல்லோரும் ஒன்றாகக் கோட்டுக்கு வந்து நிற்பார்கள். அந்த நொடியில் எழுகிற குரல்தான் எக்கோ. பிள்ளைகள்தான் அணுக்கருக்கள், இரண்டாவது துடிப்புதான் விசில். கட்டுரை 1950இல் வந்தது. இன்று எம்.ஆர்.ஐ. அறைகளில் தினமும் இந்த விசில் அடிக்கிறது. என் வட்டில் இருக்கிற தண்ணீரும் அதைக் கேட்டுத் திரும்பி ஓடியிருக்கிறது. அவர் 2016இல், 95 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அடுத்தது ஓட்டோ ஹான். இவரைப் பற்றி உன்னிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். முப்பத்துச் சொச்சம் வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, "1938இல் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் அணுக்கருப் பிளவைக் கண்டுபிடித்தார்கள்" என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஹானோடு கூடவே உழைத்த இயற்பியலாளர் லீசே மைட்னரின் பெயரை ஒருநாள்கூட எழுதியதில்லை. அது என் மனதை உறுத்துகிறது.

ஓட்டோ ஹான் 1879இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு கண்ணாடி வேலைக்காரரின் மகனாகப் பிறந்தவர். வியன்னாவிலிருந்து மைட்னர் 1907இல் பெர்லினுக்கு வந்தபோது, ஹான் வேலை செய்த ஆய்வுக்கூடத்துக்குள் பெண்களை விடமாட்டார்கள். கீழ்த்தளத்தில் தச்சுப்பட்டறைக்கென்று கட்டிய அறையில், தனி வாசல் வழியாக வந்து ஹானோடு வேலை செய்யலாம் என்று அனுமதித்தார்கள். கழிப்பறை வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிற உணவகத்துக்குத்தான் போகவேண்டும். அந்த அறையில் ஆரம்பித்து முப்பது வருஷம், ஒருவர் வேதியியல், ஒருவர் இயற்பியல். புரோட்டாக்டினியம் அவர்கள் இருவரும் கண்டது.

1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், யூதக் குடும்பத்தில் பிறந்த மைட்னருக்குப் பாதுகாப்பு போய்விட்டது. ஜூலை 13ஆம் தேதி இரண்டு சின்னப் பெட்டிகளோடு ரயிலேறி ஹாலந்துக்குத் தப்பினார். எல்லையில் காவலர் பிடித்தால் கொடுப்பதற்கென்று, தன் அம்மாவின் வைர மோதிரத்தை ஹான் அவர் கையில் கொடுத்தனுப்பினார். மோதிரம் தேவைப்படவில்லை. ஸ்டாக்ஹோமில் போய்ச் சேர்ந்தார்.

டிசம்பரில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரானால் அடித்துப் பார்த்தபோது, அதன் பாதி எடையுள்ள பேரியம் வந்து நின்றது. கணக்குப்படி வரவே கூடாதது. 19ஆம் தேதி ஹான் முதலில் எழுதியது மைட்னருக்குத்தான். உனக்கு ஏதாவது விளக்கம் தோன்றுகிறதா என்று கேட்டு எழுதினார். கிறிஸ்துமஸ் விடுமுறையில், அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷோடு குங்கெல்வ் என்ற சிற்றூரில் பனியில் நடந்துபோன மைட்னர், ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஒரு பெரிய நீர்த்துளி இடுப்பு சிறுத்து இரண்டாகப் பிரிகிற மாதிரி அணுக்கரு பிரிகிறது, ஒவ்வொரு பிளவிலும் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிவருகிறது, குறைகிற நிறையும் அதற்குச் சரியாக ஒத்துவருகிறது. ஒரு கடிதமும் ஒரு மரக்கட்டையும் போதுமாக இருந்திருக்கிறது.

1944ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் கிடைத்தது. இது வேதியியலின் கண்டுபிடிப்பு என்றே பிற்பாடு அவர் பேசிவந்தார். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த மனிதருக்கு, பெயரைப் பகிர்ந்துகொள்ள ஏன் மனம் வரவில்லை? நாஜிகளின் காலத்தில் மைட்னரின் பெயரைச் சொல்ல முடியாது, சரி. போர் முடிந்த பிறகு? முதல் உலகப்போரில் விஷவாயுப் படையிலும் அவர் வேலை செய்திருக்கிறார். அதே மனிதர்தான், இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீட்டில் காவலில் இருந்தபோது ஹிரோஷிமா செய்தி கேட்டு, அத்தனை சாவுக்கும் தானே பொறுப்பு என்று நொறுங்கிப்போனார். 1957இல் மேற்கு ஜெர்மனிக்கு அணு ஆயுதம் வேண்டாம் என்று அறிக்கை விட்ட பதினெட்டு விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர். இவரை ஒரே தட்டில் வைத்து நிறுக்க என்னால் முடியவில்லை. இருவரின் நட்பு கடைசிவரை அறவில்லை. 1968 ஜூலையில் ஹான் போனார், அக்டோபரில் மைட்னர்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறுதல். 105ஆம் தனிமத்துக்கு ஹானியம் என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்திருந்தார்கள். 1997இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு டப்னியம் என்று முடிவு செய்தார்கள். அதே பட்டியலில் 109ஆம் தனிமத்துக்கு மைட்னரியம் என்ற பெயர் உறுதியானது.

இனி உன் ஹான். ஹான்ஸ் ஹான், வியன்னாக்காரர். அவரும் 1879இல் பிறந்தவர்தான். நீ கதவில் எழுதியது இரண்டு ஹான்களும் பிறந்த நூறாவது வருஷம், பார்த்துக்கொள். முதல் உலகப்போரில் குண்டடிபட்டு மீண்டவர். 1927இல் அவரும், இரண்டு வருஷம் கழித்துத் தனியாகப் போலந்தின் பனாக்கும் அந்தத் தேற்றத்தைத் தந்தார்கள். தர்க்கவியல் மேதை கோடலின் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவர் இவர். சின்ன வெளிக்குள் தெரிந்த நேரியல் சார்பை, அளவு மீறாமல் முழு வெளிக்கும் நீட்டலாம் என்று நீ எனக்குச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

அவருடைய தங்கை ஓல்காவைப் பற்றி உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். வியன்னாவில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது 22 வயதில் பார்வை போய்விட்டது. நண்பர்கள் முறைபோட்டுப் பாடங்களை உரக்கப் படித்துக்காட்ட, அவர் மனசுக்குள்ளேயே வைத்துக் கணக்குப் போட்டார். 1911இல் தர்க்க இயற்கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அண்ணனும் கணவர் ஓட்டோ நாய்ராட்டும் இருந்த, அறிவியலும் தத்துவமும் பேசிய 'வியன்னா வட்டம்' என்ற குழுவின் கூட்டங்களில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். 1934இல் அண்ணன் இறந்தார். அதே வருஷம் நாடுவிட்டுப் போன ஓல்கா 1937இல் ஹாலந்தில் இறந்தார். நாற்பது வருஷம் ஹான்-பனாக் நடத்தியவன் நீ. அந்த ஹானுக்குக் கண் தெரியாத ஒரு கணிதத் தங்கை இருந்ததை உன் மாணவர்களில் யாரையாவது பார்த்தால் சொல்.

இன்னொருவர், பிலிப் மத்தேயுஸ் ஹான். பதினெட்டாம் நூற்றாண்டில் தென்மேற்கு ஜெர்மனியின் கிராமங்களில் பாதிரியாராக இருந்தவர். கடிகாரப் பல்சக்கரங்களுக்குக் கணக்குப் போட்டு அலுத்து, கைப்பிடியைச் சுற்றினால் கூட்டிப் பெருக்குகிற உருளை வடிவ இயந்திரம் ஒன்றை 1770களில் செய்துவிட்டார். அவர் செய்த இன்னொன்று தராசு. எடைக்கல்லே கிடையாது. தட்டில் பொருளை வைத்தால் கை சாய்ந்து முள் எடையைக் காட்டும். உங்கள் அப்பாவின் மளிகைக் கடையில் படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்த உனக்கு, அதன் அருமை தெரியும். அந்த வட்டாரத்தில் தராசுத் தொழில் இன்றும் நடக்கிறது.

குர்ட் ஹான் என்று ஒரு கல்வியாளரும் உண்டு, ஹிட்லரை எதிர்த்துச் சிறைக்குப் போய், பிறகு ஸ்காட்லாந்தில் பள்ளி நடத்தியவர். பேத்திக்கு நீ சொல்ல வேண்டியது வேறு ஒருவரை. ஹிலரி ஹான் என்று அமெரிக்காவில் ஒரு வயலின் கலைஞர், நாம் தேர்வு எழுதிய அதே 1979இல் பிறந்தவர். பதினேழு வயதில் முதல் ஆல்பத்துக்கே பாக் என்ற பழைய ஜெர்மன் இசையமைப்பாளரின் தனி வயலின் இசையைத்தான் எடுத்துக்கொண்டார். பக்கவாத்தியம் ஏதும் இல்லாமல் ஒற்றை வில் ஓடுவதைக் கேட்டேன். பிள்ளை கொஞ்சம் வில் பிடிக்கப் பழகியதும் போட்டுக் காட்டு.

எனக்கு ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு வாரம் பிசியோதெரபி, குனிந்து எதையும் தூக்கக்கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் சாயங்காலம் இயற்பியல் கேட்க வருகிறார்கள். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே அணுக்கரு பாடத்தைப் போன ஞாயிறு மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன், இந்த முறை தச்சுப்பட்டறையிலிருந்து. ஒரு பெண் மட்டும், "அந்த மோதிரம் அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று கேட்டாள். ஃபிரிஷின் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது என்று படித்ததைச் சொன்னேன்.

அடுத்த மாதம் வருகிறேன் என்றாய். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. உன் பழைய நோட்டு பரணில் எங்காவது இருந்தால் எடுத்து வா, அந்த நிரூபணத்தை ஒருமுறை உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும்.

உன் பழைய அறைத்தோழன்