முடி நகையும் கல்யாண மோதிரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், செத்துப்போன குழந்தைகளின் முடியை நகையில் வைத்துக்கொள்வது விக்டோரியா ராணி கிளப்பிவிட்ட 'பேய் ஃபேஷன்' என்று ஒரு பக்கம் வந்திருந்தது. படங்கள் அருமை. ஆனால் எழுதியதில் பாதி தப்பு. முப்பது வருஷம் டிராயிங் வாத்தியாராக இருந்தவன், சும்மா விட மனசு வரவில்லை.

விக்டோரியா பிறந்ததே 1819இல். இந்த வழக்கமோ அதற்கு முன்பே இருந்தது. 1782 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அப்போதைய கடைக்குட்டி ஆல்ஃபிரட், அம்மை குத்தியதிலிருந்து தேறாமலே, இரண்டு வயது நிறையும் முன்னால் இறந்துபோனான். தாய் சார்லட் ராணி, பிள்ளையைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட லேடி சார்லட் ஃபிஞ்சுக்கு முத்தும் செவ்வந்திக்கல்லும் பதித்த ஒரு லாக்கெட்டில் அவன் முடியை வைத்துக் கொடுத்தார். அவ்வளவு சின்ன வயதில் இறந்த அரச பிள்ளைக்கு அரண்மனையில் துக்கம் அனுஷ்டிக்கும் வழக்கமே அன்று கிடையாது, கறுப்பு உடுத்த முடியாது, அப்புறம் அந்தத் தாய் வேறு என்னதான் செய்வாள்? அடுத்த மே மாதமே அவன் அண்ணன் நாலு வயது ஆக்டேவியஸும் போய்விட்டான்.

விக்டோரியாவின் கை வளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1840இல் மூத்த மகள் பிறந்தபோது கணவர் ஆல்பர்ட் கொடுத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எனாமல் பூசிய ஒரு குட்டி இதயம், அதற்குள் அந்தப் பிள்ளையின் முடி, மொத்தம் ஒன்பது. எல்லாம் உயிரோடிருந்த பிள்ளைகளின் முடி. தலையை விட்டு இறங்கினால் முடி அழுக்கு என்று நினைத்தே வளர்ந்த நமக்கு இது அருவருப்பாகத் தெரிவது வேறு விஷயம்.

வேலைப்பாட்டைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! முடியை சோடா கலந்த வெந்நீரில் அலசிப் பிசுக்கு போக்கி, இழை இழையாகப் பரப்பிப் பசையில் ஒட்டி, சூடான கம்பியில் சுருட்டி இறகு மாதிரி வளைப்பார்கள். பச்சைக் குழந்தையின் முடி பின்னலுக்கு எங்கே எட்டும், அதைப் பொடியாக நறுக்கிக் கோந்தில் குழைத்து, கல்லறைமேல் கவிந்த வில்லோ மரமாகத் தீட்டுவதும் உண்டு. இந்த நகைகளில் பதிக்கும் குட்டி முகப்படத்தை வரைவது தந்தச் சீவலில், வாட்டர் கலரில். தந்தம் ஈரத்தைக் குடிக்காது, அதனால் புள்ளி புள்ளியாகத்தான் வைக்க வேண்டும், கன்னத்தில் அடியிலுள்ள தந்தமே தோல் நிறமாக ஒளிரும். நான் பிளாஸ்டிக் தாளில் முயன்று பார்த்தேன், கலர் முத்து முத்தாகத் திரண்டு நின்றதுதான் மிச்சம். இந்தக் கலையில் பேர்போன ஜான் ஸ்மார்ட் 1785 முதல் பத்து வருஷம் நம் மதராஸில்தான் இருந்தார், இங்கே வரைந்தவற்றில் வருஷத்துக்குக் கீழே இந்தியாவுக்காக 'ஐ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருப்பார்.

அமெரிக்காவில் சார்லஸ் வில்சன் பீல் என்ற ஓவியர் 1772இல் பெரியம்மையில் இறந்த தன் மகளையே வரைந்தார். அது பெரிய ஆயில் பெயின்டிங். கைகளை உடம்போடு சேர்த்துக் கட்டி, வெள்ளை ரிப்பனால் தாடையையும் கட்டியிருக்கும். நாடிக்கட்டேதான். அழுகிற தாயையும் பின்னால் அதிலேயே சேர்த்தார். வருகிறவர்கள் பார்த்துக் கலங்குவார்கள் என்று அதற்குத் திரை போட்டு வைத்திருந்தார். இதையா பேய் ஃபேஷன் என்கிறீர்கள்?

கடைசியாக ஒன்று. நாலாவது படத்துக்குக் கீழே 'கல்யாண மோதிரம்' என்று போட்டிருக்கிறீர்கள். இறந்தவர் நினைவாகப் போட்ட அந்தக் கால இரங்கல் மோதிரத்தில் பெரியவர்களுக்குக் கறுப்பு எனாமல், குழந்தைகளுக்கும் மணமாகாதவர்களுக்கும் வெள்ளை. படத்திலிருப்பது வெள்ளை, உள்ளே ஒரு வயசும் பொறித்திருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். திருத்தம் போடுங்கள். அப்படியே லாக்கெட்டின் பின்பக்கப் படம் கையிலிருந்தால் அதையும் போடுங்கள், முகம் முன்னால் இருந்தால் முடியைப் பெரும்பாலும் பின்னால்தான் வைப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்